சவுசவுவில் வனிலா பூத்த வாரம்

பிஜியில் வனிலாத் தோட்டம் பார்க்கப் போவதற்கு வழி கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். போன செப்டெம்பர் விடுமுறையில் நான் போய்வந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் போல. வழி சொல்கிறேன். ஆனால் சந்தோஷமான பயணக் குறிப்பை எதிர்பார்ப்பவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடுங்கள்.

போனது தம்பி குகனைப் பார்க்க. மெல்பேர்ணில் நோபல் பார்க்கில் வீடும் நல்ல கணினி வேலையுமாக இருந்தவன், நான்கு வருடத்துக்கு முன் இரண்டையும் விட்டுவிட்டு, பிஜியில் சவுசவுவில் குத்தகைக்குக் காணி எடுத்து வனிலா நட்டான். விசர் வேலை என்று அப்போது நான் போனிலேயே கத்தினேன். நான் போவதற்கு முந்தின வருடப் புயலில் தோட்டம் முழுக்கச் சரிந்து, வீட்டுச் சுவரோடு படர்ந்த ஒன்பது கொடிகள் மட்டும் தப்பின. டிசெம்பரில் குத்தகை முடிய இருந்தது. இந்த முறை கொடியில் காயைக் கண்ணால் கண்டால் நீட்டித் தருகிறேன், இல்லாவிட்டால் நான் மரவள்ளி போடப் போகிறேன் என்று நிலக்காரர் சொல்லியிருந்தார்.

சிட்னியில் காலை 8.40க்கு விமானம். நாடி விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம். அங்கே கடிகாரம் இரண்டு மணி முன்னால். 4.15க்கு சவுசவு போகும் குட்டி விமானம். பொதியோடு நம்மையும் தராசில் ஏற்றி நிறுக்கிறார்கள், வெட்கப்படாமல் ஏறுங்கள். ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து தோட்டம் 14 கிலோமீட்டர், டாக்ஸிக்கு 35 பிஜி டொலர். என்னை ஏற்றிய டிரைவரின் பூட்டன் சென்னைப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். இவருக்குத் தமிழில் தெரிந்தது முருகன் பாட்டு மட்டும். புயலுக்குப் பிறகு மற்றவர்கள் வனிலாவைக் கைவிட்டுவிட்டார்கள், உங்கள் தம்பி ஒருத்தர்தான் பிடிவாதமாக நிற்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

போய்ச் சேரும்போது பொழுது பட்டுவிட்டது. குகன் பாதியாக இளைத்திருந்தான். யாரோ கொடுத்த பழைய வனிலாக் காயில் ஒரு துண்டு கீறிப் போட்டுத் தேத்தண்ணி தந்தான். வாசம் மூக்கை விட்டுப் போகவே இல்லை. கொடியைக் காட்டச் சொன்னேன். விடியட்டும் அக்கா, நாளைக்குத்தான் நல்லாய்த் தெரியும் என்றான். முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

சிட்னி டூங்கபியில் என் வீட்டுப் பழக்கம் ஒன்று உண்டு. காலையில் முழுகி, பூப் பறித்துப் பிள்ளையாருக்கு வைக்காமல் தேத்தண்ணி தொடமாட்டேன். ஐந்தரைக்கு எழும்பினேன். குகனின் குசினியில் அடுப்புக்கு எதிர் மூலையில் சின்னப் பிள்ளையார், முன்னால் வெறும் தட்டு. பாவி, சாமிக்கு ஒரு பூ வைக்க நேரமில்லையோ என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சுவரோரக் கொடியில் இளம்பச்சையும் மஞ்சளுமாக மெல்லிய பூக்கள், கொத்துக்கு ஒன்று விரிந்து மற்றதெல்லாம் அரும்பாக இருந்தன. புயலுக்குத் தப்பினவை சுவரோரம்தான் நிற்கின்றன என்று அதுவரை எனக்குத் தெரியாது, ஏதோ காட்டுக்கொடி என்றே நினைத்தேன். வனிலா என்றால் வெள்ளை வெளேரென்று மல்லிகை மாதிரி இருக்கும் என்பது என் எண்ணம். சாமித் தட்டு நிறையட்டும் என்று கத்தரிக்கோலால் அரும்போடு கொத்துக் கொத்தாக வெட்டினேன். எட்டாததற்குக் கதிரை போட்டு ஏறினேன். ஒன்றும் மிச்சம் விடவில்லை.

ஆறரைக்குக் குகன் கையில் ஒரு ஈர்க்கோடு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து குசினி வாசலில் நின்றான்.

"அக்கா, கொடியில இருந்ததுகளை ஆர் பறிச்சது?"

"நான்தான். சாமிக்கு வச்சனான்."

"முழுக்கவோ?"

"ஓம்."

அவன் ஏசியிருக்கலாம், ரெண்டு அறை விட்டிருக்கலாம். தட்டை எடுத்து மேசையில் வைத்து, விரிந்த பூ ஒவ்வொன்றையும் ஈர்க்கால் பிரித்து உள்ளே மகரந்தத்தை ஒற்றினான். என்னடா செய்கிறாய் என்று கேட்டபோதுதான் சொன்னான். அங்கே இந்தப் பூவில் மகரந்தம் சேர்க்கத் தேனீ இல்லை, கையால்தான் செய்யவேண்டும். கொத்தில் ஒரு நாளைக்கு ஒரு பூதான் விரியும், மத்தியானத்துக்குள் வாடிவிடும். ஒரு பூவுக்கு ஒரு காய். கொடி பூப்பது வருடத்துக்கு ஒருமுறை, இந்தக் கொடிகளுக்கு இதுதான் முதல் பூ. வெட்டின காம்பில் காய் வராது என்று என்னைவிட அவனுக்கு நன்றாய்த் தெரியும். ஆனாலும் கடைசிப் பூவரைக்கும் செய்து முடித்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று ஊரில் சொல்லிச் சிரிப்போம்.

நாலாம் நாள் நிலக்காரர் வந்தார், தன்மையான வயசாளி. கொடிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். இந்த முறை பூக்கவில்லை என்றான் குகன். நான் விறாந்தையில் நின்றுகொண்டுதான் இருந்தேன். நான்தான் வெட்டினேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? வெட்கமாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை. அவர் குகனின் தோளில் தட்டி, டிசெம்பர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு, "ஏன்ரா பொய் சொன்னனீ?" என்று கேட்டேன்.

"வெட்டினது என்ர அக்காவெண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றான்.

போகிறவர்களுக்கு: பூக்கும் காலம் பார்த்துப் போங்கள், காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் நில்லுங்கள். வனிலாக் காய் வாங்கி வந்தால் சிட்னியில் இறங்கும்போது படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். யார் வளவிலும் கேட்காமல் ஒரு இலையைக்கூடக் கிள்ளாதீர்கள், சாமிக்கென்றாலும்.

குகன் இப்போது நோபல் பார்க்கில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து, இரவு வேலைக்குப் போகிறான். கொண்டாட்டங்களில் சொந்தக்காரர் அவனைப் பகிடி பண்ணுகிறார்கள்: பூக்காத கொடிக்கு நாலு வருஷம் தண்ணி ஊத்தினவன். அவனும் சேர்ந்து சிரிக்கிறான். பக்கத்தில் இருந்து நானும் சிரித்திருக்கிறேன். அவனுடைய கொடி பூத்தது. ஒன்பதும் பூத்தது.