காப்புக் கட்டிய இடது கை

எனக்குப் பொறுமை கிடையாது. இதை என் அம்மா சொல்வார், என்னோடு ஜோடி சேர்ந்து ஆடியவர்கள் சொல்வார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வருஷம் கோலாலம்பூரில் நடக்கவிருந்த சின்னதொரு தொழில்முறை டென்னிஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, காத்திருப்போர் பட்டியலின் அடிவாலில் கிடந்தேன். எனக்கு மேலே இருப்பவர்கள் விலகினால்தான் எனக்கு இடம். தினமும் காலையில் கண்ணைத் திறந்ததும் கைப்பேசியைப் பார்ப்பேன். ஒருத்தியும் விலகியிருக்க மாட்டாள். இத்தனை பேரில் யாருக்கும் ஒரு சளி, காய்ச்சல்கூட வராதா என்று கடுப்பாக இருக்கும்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடு ஒன்றில் இருந்துகொண்டு நான் ஒரு தொழில்முறை ஆட்டக்காரி என்று சொல்லித் திரிந்தேன். அதை நம்பியவள் நான் ஒருத்திதான். டென்னிஸில் உலகத் தரவரிசை என்று ஒன்று உண்டு. அதில் பெயர் ஏறுவதற்கு முதல் படி, தொழில்முறைப் போட்டியின் முக்கியச் சுற்றில் ஓர் ஆட்டமாவது ஜெயித்து ஒரு பாயிண்ட் எடுப்பது. அந்த ஒரு பாயிண்ட் இல்லாதவரை உலகத்தைப் பொறுத்தமட்டில் நாம் சும்மா பந்தடிக்கிற ஆள். எத்தனையோ போட்டிகளுக்குப் போய்விட்டு நான் சும்மா பந்தடிக்கிற ஆளாகவே திரும்பி வந்திருந்தேன்.

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் முடிவாகப் பேசுவார். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்தப் போட்டி நடக்கும் வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமை நான் போய்ச் சேர வேண்டும்.

“அதுக்குள்ள ஒரு பாயிண்ட்டு எடுத்துட்டா ஆடு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இல்லன்னா பேசாம வேலைக்குப் போயிரு பாப்பா” என்றார்.

பாயிண்ட் எடுக்க முதலில் என்னை உள்ளே விட வேண்டுமே.

அந்த நேரத்தில்தான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். நேர்ந்துகொண்டவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்துக் கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால், திருவிழா முடிந்து அவிழ்க்கும்வரை கவிச்சி கிடையாது, காலில் செருப்பு கிடையாது, ராத்திரி தோட்டத்து எல்லையைத் தாண்டி வெளியே தங்கக் கூடாது. நான் அதுவரை கட்டியதில்லை. போட்டிகளுக்கு ஊர் ஊராக அலைகிறவளுக்கு அது தோதுப்படாது. ஆனால் அன்றைக்கு அம்மா விடவில்லை.

“சும்மா போனப் பாத்து மொறச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கறதுக்கு காப்புக் கட்டிக்கலாம்ல. ஆத்தாகிட்ட கேளேன், ஒரு பாயிண்ட்டு.”

எப்படியும் இடம் கிடைக்கப்போவதில்லை என்ற எரிச்சலில் கையை நீட்டினேன். பெண்களுக்கு இடது கையில்தான் கட்டுவார்கள். நான் இடது கை ஆட்டக்காரி. அந்த நேரத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை.

மறுநாள் காலை கைப்பேசியைத் திறந்தால், ஒரே ராத்திரியில் ஒரு கூட்டமே விலகியிருந்தது. வேறு நாட்டில் இதைவிட நல்ல போட்டி கிடைத்துவிட்டதாம். தகுதிச் சுற்றில் என் பெயர் இருந்தது. அதை ஜெயித்தால் முக்கியச் சுற்று. லயத்து வாசலில் நின்று எகிறிக் குதித்தேன். இறங்கும்போது வெறுங்கால் ஜல்லிக் கல்லில் பட்டது. அப்போதுதான் மூளையும் தரைக்கு வந்தது. கேட்டதை ஆத்தா கொடுத்துவிட்டாள், ஆனால் கையைக் கட்டிப்போட்டுவிட்டுக் கொடுத்திருக்கிறாள்.

நானும் அம்மாவும் பூசாரி வீட்டுக்கு ஓடினோம். பூசாரி வேலை நாட்களில் தோட்டத்தில் மண்டோர். குலை அறுக்கிறவர்களை மேய்ப்பவருக்கு எதற்கும் ஒரு தீர்ப்பு கைவசம் இருக்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை.

“காப்ப அவுக்க முடியாது. ராத்திரி இங்கதான் வந்து படுக்கணும். கேயெல்லு என்னா சீமையா, போயிட்டு போயிட்டு வா” என்றார், கோலாலம்பூரைச் சுருக்கி.

“சப்பாத்து, மாமா? வெறுங்கால்ல ஆடினா என்னய வெளிய அனுப்பிருவாங்க.”

அவர் தாடையைத் தடவினார். கோயில் கமிட்டி ஆட்கள் இரண்டு மூன்று பேர் அதற்குள் கூடிவிட்டார்கள். டென்னிஸ் சப்பாத்து செருப்பில் சேருமா சேராதா என்று பலத்த விவாதம் நடந்தது. கடைசியில் பூசாரி கையை உயர்த்தினார்.

“நம்ம ஆளுங்க காப்புக் கட்டிக்கிட்டு குலை அறுக்கப் போறப்ப பூட்ஸு போடறாங்களா இல்லயா? முள்ளு இருக்கு, பாம்பு இருக்கு, போட்டுத்தான் ஆகணும். அது வேல. அதே மாதிரி நீ கோர்ட்டுக்குள்ள போட்டுக்க. வெளிய வந்தா கழட்டிரு.”

நான் செய்வதை வேலை என்று முதன்முதலில் சொன்னவர் அவர்தான். அதற்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது. விழுந்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் அப்பா லோரி வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, எங்களைப் பழைய காரில் ஏற்றி ஈஜோக் வழியாகக் கோலாலம்பூருக்கு ஓட்டுவார். கார் நிறுத்துமிடத்திலிருந்து கோர்ட் வரைக்கும் கொதிக்கிற தார்மேல் வெறுங்காலோடு தத்தித் தத்தி ஓடுவேன், சப்பாத்து கையில். என்னோடு ஆட வந்த ஒரு பெண் என் காலைப் பார்த்துவிட்டு, உன் சப்பாத்தை யாராவது திருடிவிட்டார்களா என்று அக்கறையாகக் கேட்டாள். இல்லை, இது கடவுள் விஷயம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம் இருந்தது. அந்தப் பயத்தை நான் கெடுக்கவில்லை.

போட்டி அதிகாரி என் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எந்த நிறுவனத்தின் விளம்பரம் என்று கேட்டார். மாரியம்மன் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு, வழிபாட்டுக் கயிறு என்று சொன்னேன். மேலே பட்டை போட்டு மூடிக்கொள்ளச் சொன்னார். இரண்டு கையாலும் வீசி அடிக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்த மஞ்சள் துண்டு மணிக்கட்டு எலும்பில் ‘டொக்’ என்று இடிக்கும். வெள்ளைப் பட்டை வியர்வையில் ஊறி மஞ்சளாகிவிடும். அடித்தேன், இடித்தது, மறுபடி அடித்தேன். தகுதிச் சுற்று ஆட்டங்களை நான் ஜெயித்துவிட்டேன். நடந்ததை இப்போது எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மற்றவர்கள் பக்கத்து ஹோட்டலில் கால்களை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொண்டு ஓய்வெடுத்தார்கள். நான் சுங்கைபூலோ நெரிசலில், காரின் பின்சீட்டில், அம்மா கட்டிவந்த புளிச்சோற்றை வழித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை முக்கியச் சுற்று. இந்த ஓர் ஆட்டம்தான். எதிரில் வெளிநாட்டுப் பெண், என்னைவிட ஒரு தலை உயரம். முதல் செட்டில் என்னை ஊதித் தள்ளிவிட்டாள். இரண்டாவதை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினேன். மூன்றாவது செட் மூன்றுக்கு மூன்று என்று நிற்கும்போது வானம் கறுத்து, கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெகுநேரம் காத்திருந்தோம். மழை விடுவதாயில்லை. மிச்ச ஆட்டம் நாளை காலை பத்து மணிக்கு என்று அறிவித்தார்கள்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மறுநாள் பொது விடுமுறை. அதனால்தான் கோயிலில் பால்குடத்தை அன்றைக்கு வைத்திருந்தார்கள், காலை ஒன்பது மணிக்கு. காப்புக் கட்டியவள் பால்குடம் எடுக்காமல் இருக்க முடியாது. பால்குடம் எடுத்துவிட்டுப் பத்து மணிக்குக் கோலாலம்பூரில் நிற்கவும் முடியாது. குறித்த நேரத்துக்கு வராவிட்டால் ஆட்டம் எதிராளிக்கு, எனக்கு ரவாங். திரும்பும் வழியெல்லாம் நான் மழையைத் திட்டினேன், போட்டி அதிகாரியைத் திட்டினேன், பொது விடுமுறையைத் திட்டினேன். அப்பா மழைக்குள் காரை நிதானமாக ஓட்டினார்.

அம்மா மட்டும் போனில் யாரோடோ குசுகுசுவென்று பேசிக்கொண்டே வந்தார். கார் தோட்டத்துக்குள் நுழைந்தபோது கோயில் முன்னால் கமிட்டியே கூடியிருந்தது.

“ஆத்தாளுக்கு ஒம்போது மணின்னு யாரு சொன்னது?” என்றார் பூசாரி. “வெள்ளென கெளம்பிருவோம்.”

“எங்க மாமா வெள்ளென? போன வருஷம் ஒம்போதுன்னு சொல்லி பதினொண்ணரைக்கு கெளம்பினோம்” என்று உருமி மேளத்துக்காரர் சிரித்தார்.

“இந்த வருஷம் பாரு லா.”

எங்கள் தோட்டத்தில் எதுவும் சொன்ன நேரத்தில் தொடங்கியதாகச் சரித்திரம் இல்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளையே தாமதமாக வருவார். அப்படிப்பட்ட ஜனம் மறுநாள் கருக்கலில் குளித்து முழுகி, மஞ்சள் சேலையும் வேட்டியுமாக ஆற்றங்கரையில் பால்குடத்தோடு நின்றது. கொட்டாவி விட்டுக்கொண்டே உருமியை அடித்தார்கள். நான் தலையில் குடத்தோடு நடந்தேன். நடக்கிற நடையா அது, கிட்டத்தட்ட ஓட்டம். கிழக்கு வெளுக்கும்போது அம்மன் தலையில் பால் இறங்கியாயிற்று. எனக்குச் சந்தோஷத்தில் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

காருக்குப் போனால், பக்கத்தில் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் நின்றது. அதை ஓட்டுகிறவர் எங்கள் லயம்தான். பாதித் தோட்டம் அதில் ஏறி உட்கார்ந்திருந்தது, சேலையைக்கூட மாற்றாமல்.

“நாங்களும் வாறோம்” என்றார் பூசாரி, முன்சீட்டிலிருந்து.

டென்னிஸ் பார்க்க வருகிற கூட்டமா இது? அப்பாவையும் அம்மாவையும் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு நானும் ஏறினேன். வழி நெடுக முன்னால் நின்று பாடம் நடத்தினேன். பந்து ஓடும்போது மூச்சு விடக் கூடாது. அவள் தப்பாக அடித்தால் கை தட்டக் கூடாது. நான் தப்பாக அடித்தால் ‘அச்சச்சோ’ சொல்லக் கூடாது. உருமி பஸ்ஸிலேயே இருக்கும்.

“அப்ப எப்பதான் கத்தறது?” என்று பின்னாலிருந்து ஓர் அக்கா கேட்டார்.

“ஆட்டம் முடிஞ்சதும் கத்துங்க. அதுவரைக்கும் மூச்.”

டென்னிஸ் மைதான வாசலில் காவலாளி மஞ்சள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கல்யாண விருந்து இங்கே இல்லை என்று மலாயில் சொன்னார். விளக்கிச் சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். தலையில் பால் காய்ந்து முடி கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தது. உடை மாற்றிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து சப்பாத்தை மாட்டினேன். எதிராளி என்னைப் பார்த்தாள், வேலிக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்த மஞ்சளைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள்.

அந்த ஆட்டத்தை நான் சரியாக ஆடவில்லை. பயம். எளிதான பந்துகளைக்கூட வலையில் அடித்தேன். நாலுக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து. அவளுக்கும் பயம் என்பது அப்புறம்தான் புரிந்தது. அவள் சர்வீஸ் போட்ட முறையை எப்படியோ பறித்தேன், எனக்கு ஆறு, அவளுக்கு ஐந்து. அடுத்து நான் சர்வீஸ் போட வேண்டும், போட்டுப் பிடித்துவிட்டால் போதும். வேலிப் பக்கம் ஒரு குழந்தைகூட இருமவில்லை. கடைசிப் பந்தைக் கோட்டுக்குள் குத்தி வெளியே விலகிப் போகும்படி இடது கையால் வளைத்துப் போட்டேன். அவள் எட்டி அடித்தாள். பந்து வலையில் விழுந்தது.

கையைக் குலுக்கிக்கொண்டோம். அவள் நல்ல பெண், அடுத்த ஆட்டத்துக்கு வாழ்த்திவிட்டுப் போனாள். நான் வேலியைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. அம்மா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சும்மா.”

“யாரு ஜெயிச்சது?”

“நான்தாம்மா.”

“கத்தலாமா?”

“கத்துங்க” என்றேன்.

முதலில் குலவைதான் வந்தது. அதற்குப் பிறகு வந்ததை என்னவென்று சொல்ல. பக்கத்துக் கோர்ட்டுகளில் ஆட்டம் நின்றுவிட்டது. யாரோ போய் உருமியை எடுத்து வந்துவிட்டார்கள். நடுவர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேலி ஓரமாக ஓடினேன். கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி அப்பா தனியாக நின்றிருந்தார்.

“பாயிண்ட்டு எடுத்துட்டேன்பா. திங்கக்கிழம வரமாட்டேன்னு ரவாங்குல சொல்லிருங்க.”

“சொல்லிட்டேன்.”

“எப்ப? இப்பயா?”

“நேத்து. மழ பேஞ்சப்ப.”

“நேத்து நான் ஜெயிக்கவே இல்லையேப்பா.”

“ஆமா” என்றார். “தோத்தாலும் நீ அங்க போயி ஒக்காரமாட்டன்னு தெரிஞ்சிருச்சு லா. எதுக்கு அவங்களக் காக்க வைக்கறது.”

தோட்டமே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அது எதுவும் காதில் விழவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் ஜெயித்தபோது வராத அழுகையையெல்லாம் சேர்த்து அழுதேன்.