புருவத்தின் மேல் ஒரு தழும்பு

எங்கள் ஸ்டுடியோவில் அவனுக்கு ரப்பர் என்று பெயர். வைத்தது நான்தான். பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதினோரு வருடமாகப் பரு, கருவளையம், நரைமுடி, சுவரில் ஓடும் பல்லி, மணமக்களுக்குப் பின்னால் கொட்டாவி விடும் சித்தப்பா என்று எதையும் விட்டுவைக்காமல் அழிப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அழிப்பது மட்டுமில்லை, சேர்ப்பதும் உண்டு. கல்யாணத்துக்கு வர முடியாத மாமாவைப் பழைய படத்திலிருந்து வெட்டி எடுத்துக் கூட்டத்தோடு நிறுத்திவிடுவான். அந்த மாமாவே பார்த்தாலும் ஒரு நிமிடம் குழம்பிப்போவார்.

நான் முன்னால் கவுண்டரில் இருப்பவள். யாருக்கு எதை எடுக்க வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று கேட்டுக் கவரின் மேல் எழுதி உள்ளே அனுப்புவது என் வேலை. இத்தனை வருடத்தில் 'எடுக்க வேண்டாம்' என்று நான் எழுதியது ஒரே ஒரு முறை.

அது ஒரு பெண்ணுக்காக. வெளிநாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்ப்பவள், விடுமுறையில் வந்திருந்தாள். வரன் பார்ப்பதற்குப் படம் வேண்டும் என்று அவள் அம்மா இழுத்துக்கொண்டு வந்திருந்தார். இடது புருவத்துக்கு மேல் அவளுக்கு ஒரு தழும்பு, அரை விரல் நீளம். சின்ன வயதில் கதவு இடித்ததாம்.

"இந்தத் தழும்ப மட்டும் எடுத்துடச் சொல்லுங்கம்மா" என்றார் அம்மா.

"வேணாம்க்கா" என்றாள் அவள் என்னிடம். "வர்றவன் மொதல்ல அதப் பாக்கட்டும். அப்புறமா பாத்துட்டு மூஞ்சியச் சுளிக்கிறதுக்கு இப்பவே சுளிச்சுட்டுப் போகட்டும்."

கவரைப் படித்த ரப்பர், யார் இந்த வாடிக்கையாளர் என்று பார்க்க எழுந்தே வந்துவிட்டான். சாப்பாட்டுக்குக்கூட இரண்டு தடவை கூப்பிட்டால்தான் எழுந்து வருகிற ஆள். மறுநாள் படத்தை வாங்க வந்தவள் நெடுநேரம் அதையே பார்த்தாள். "நெஜமாவே எடுக்கல" என்றாள். "நீங்க வேணாம்னு சொன்னீங்களே" என்றான் இவன், காது சிவந்துபோய். எனக்குப் போதாதா? மூக்கை நுழைத்தேன். இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து, அடுத்த வருடம் அவள் விடுமுறையிலேயே கல்யாணத்தை முடித்துவைத்தேன். விடுமுறை பத்தொன்பது நாள். கல்யாணம் போக மிச்சம் எட்டு நாள் இவனோடு இருந்தாள். பிறகு விமானம் ஏறிவிட்டாள்.

தாலி ஏறிய கையோடு விசாவும் வந்துவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். விசா வக்கீல் எங்கள் நினைப்பில் தண்ணீர் ஊற்றினார். "கல்யாண சர்டிபிகேட் எல்லாரும்தான் வைக்கிறாங்க. நீங்க சேந்து வாழ்ந்ததுக்கு என்ன இருக்கு? எட்டு நாளு பத்தாதுங்க. ஒரு தடவ விசிட்டர் விசாவுல போயி அவங்ககூட இருந்துட்டு வாங்க. சேந்து போட்டோ எடுங்க. பத்துப் போட்டோவாவது வேணும். அப்புறம் துணைவர் விசாவுக்குப் போடலாம்."

போனான். இருபத்திரண்டு நாள். திரும்பி வந்து ஒரு வாரம் அதையேதான் பேசினான், பேசத் தெரியாத பிள்ளை.

மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. அதில் மாடியறை ஒன்று அவன் மனைவிக்கு. ஒருவர் திரும்பிப் படுத்தால் இன்னொருவரும் திரும்ப வேண்டிய கட்டில். அடுத்த அறைக்காரிக்கு இரவு வேலை, பகல் முழுக்கத் தூங்குவாள். அதனால் இவன் பகலெல்லாம் பூனை நடை நடந்திருக்கிறான். எந்தப் படி கிறீச்சிடும், எதைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். மூடாமல் தொங்கிய அலமாரிக் கதவுக்கு அட்டையை மடித்துச் செருகிச் சரிசெய்திருக்கிறான். அவள் விடியலில் கிளம்பிப்போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைத்து, கால் வீங்கித் திரும்பி வருவாள். இவன் பக்கெட்டில் வெந்நீர் வைத்துக்கொண்டு காத்திருப்பான். அவள் காலை உள்ளே விட்டபடியே தட்டில் இருப்பதைச் சாப்பிடுவாள், பாதியில் தூங்கிவிடுவாள், தட்டை இவன் வாங்கி வைப்பான்.

இதுதான் சேர்ந்து வாழ்ந்தது. இதையெல்லாம் எவனாவது போட்டோ எடுப்பானா?

அவளுக்குக் கிடைத்த விடுப்பு இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் ஊர் சுற்றினார்கள். யாரிடமாவது போனைக் கொடுத்து எடுக்கச் சொல்ல இவனுக்குக் கூச்சம். அதனால் பாலத்தில் அவளை இவன் எடுத்தான், இவனை அவள் எடுத்தாள். கையை நீட்டி இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது ஆறு. எல்லாம் இவன் போனில்தான். அவள் போன் திரை உடைந்து கிடந்தது.

ஆறு இருந்தது, வேண்டியது பத்து. ரப்பருக்கு இது ஒரு கஷ்டமா? பாலத்தில் தனியாக நின்றவளின் பக்கத்தில் தனியாக நின்ற தன்னைக் கொண்டுவந்து நிறுத்தினான். பூங்கா பெஞ்சிலும் அப்படியே. நான்கு படம் தயார். பழைய ஆறையும் விடவில்லை. பின்னால் போன ஆட்கள், குப்பைத்தொட்டி, அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு, எல்லாவற்றையும் துடைத்தெடுத்தான். ஏமாற்ற வேண்டும் என்று துளிகூட நினைக்கவில்லை. எங்கள் கடையில் படம் என்றால் அதுதான் படம். அசலைக் கொடுத்தால்தான் வாடிக்கையாளரை ஏமாற்றியதாக அர்த்தம்.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். நான் பத்தையும் பார்த்தேன். "நல்லா வந்திருக்குடா. விளம்பரத்துல வர்ற ஜோடி மாதிரி இருக்கீங்க. அனுப்பு" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அவளும் இடைவேளையில் உடைந்த திரையில் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பினாள்.

ஐந்து மாதம் கழித்து விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வக்கீல் எங்களை உட்காரவைத்துப் படித்துச் சொன்னார். பாலத்தில் நிற்கும் இருவரின் நிழலும் வேறு வேறு பக்கம் விழுகிறது. அவளைக் காலையிலும் இவனைச் சாயங்காலத்திலும் எடுத்திருந்தார்கள், முட்டாள் அதைக் கவனிக்கவில்லை. அது போகட்டும். இரண்டாவது விஷயம்தான் பெரிது. மனைவியின் பாஸ்போர்ட் படத்தில் இடது புருவத்துக்கு மேல் தழும்பு இருக்கிறது. கொடுத்த பத்துப் படத்தில் ஒன்றில்கூட அது இல்லை. படத்தில் இருப்பவர் இவர்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. இருபத்தெட்டு நாளுக்குள் விளக்கம் வேண்டும். போலி ஆவணம் என்று முடிவானால் மூன்று வருடம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

ரப்பர் கடிதத்தை வாங்கித் தானே ஒருமுறை பார்த்தான்.

"அசலக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார் வக்கீல்.

அசல் எங்கே இருக்கிறது? கல்யாணப் படங்களால் எங்கள் டிஸ்க் எப்போதும் நிரம்பி வழியும். வேலை முடிந்தவுடன் அசலின் மேலேயே சேமித்துவிட வேண்டும் என்பது முதலாளி சட்டம். போனிலும் இடமில்லையென்று கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்றே துடைத்துவிட்டிருந்தான். அவளுக்கு அனுப்பியதும் திருத்திய படங்களைத்தான். இருந்த ஆதாரத்தையெல்லாம் தன் கையாலேயே அழித்தவனை எந்த வக்கீல் காப்பாற்றுவார்?

மறுநாள் மதியம் பின்னறையில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தான். டீயோடு உள்ளே போன நான் அப்படியே நின்றுவிட்டேன். போனில் அவள் முகம். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நெழலு, பெஞ்சு எல்லாம் இருக்கட்டும்" என்றாள். விரலைப் புருவத்தின் மேல் வைத்தாள். "இத எப்ப எடுத்தீங்க?"

"எடுக்கணும்னு எடுக்கலம்மா. கை தானா போயிருக்கு."

"பத்துலயுமா?"

இவன் கம்ப்யூட்டரில் பத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான்.

"நான் ஒங்கள எதுக்குக் கட்டிக்கிட்டேன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அன்னிக்கு நான் கேட்டது அது ஒண்ணுதாங்க." ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

பழக்கம் என்று அவளிடம் எப்படிச் சொல்வான்? ஆசையாகத்தான் செய்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மணி நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அத்தனை நேரம் பார்த்தவனுக்கும் அது அழிந்தது தெரியவில்லை. பத்துப் படத்தையும் பார்த்த எனக்கும் தெரியவில்லை. இன்றுவரை என் ஆத்திரமெல்லாம் அதன் மேல்தான். அவன் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய.

அவள் போனில் ஒரே ஒரு படம் இருந்தது. பஸ்ஸில் எடுத்தது. அவள் தோளில் சாய்ந்து இவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். அவள் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது, ஆனால் இடது பாதி. ஓரத்தில் அவள் விரலே கொஞ்சம் மறைக்கிறது. கருவளையம், தழும்பு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அசிங்கமாக இருக்கிறது, கேலி செய்வீர்கள் என்று இத்தனை நாள் அனுப்பாமல் வைத்திருந்தாளாம். அதை விளக்கக் கடிதத்தோடு வைத்தோம். தான் என்ன வேலை செய்கிறவன், ஏன் அப்படிச் செய்தான் என்று ரப்பர் நான்கு பக்கம் எழுதினான். முதலாளியும் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

பதில் ஒரு பக்கம். ஒரு படத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, மற்றவை திருத்தப்பட்டவை என்று விண்ணப்பதாரரே ஒத்துக்கொண்டிருக்கிறார், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மூன்று வருடம். விசிட்டர் விசாவும் இனிச் சந்தேகம்தான் என்றார் வக்கீல். முதியோர் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை, அவளுக்கும் அடுத்த விடுமுறை எப்போதென்று தெரியாது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? வாயாடி என்று பெயரெடுத்த எனக்கே எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியவில்லை. வக்கீல் வீட்டு வாசலில் நின்று கையைப் பிசைந்தேன், அவ்வளவுதான்.

ரப்பர் வேலைக்கு வருகிறான். கவரில் எழுதியதை எடுக்கிறான், எழுதாததைத் தொடுவதில்லை. மதியத்தில் அவள் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, கால் வீக்கம் எப்படி, அலமாரிக் கதவு நிற்கிறதா என்று பேச்சு ஓடும். சண்டை இல்லை. சிரிப்புகூட உண்டு.

போன வாரம் பேசி முடித்துவிட்டுக் கவுண்டருக்கு வந்து நின்றான்.

"அக்கா, அவ முடிய முன்னால எறக்கி விட்டிருக்கா. பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். முன்பெல்லாம் முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, போனை நேராகப் பிடித்துப் பேசுகிறவள். நிராகரித்த கடிதம் வந்ததிலிருந்து நெற்றியின் இடது பக்கம் முடியை வழியவிட்டுக்கொண்டு பேசுகிறாள். புருவம் தெரிவதில்லை.

"வேலைக்கு வசதியா இருக்கும்டா" என்றேன்.

"மறைக்கிறாக்கா." கவுண்டரில் கிடந்த கவரை எடுத்துத் திருப்பி வைத்தான். "ஒதுக்கிக்கோன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? நீங்க சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பா."

ஊரில் எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்கிறவள் நான். 'அனுப்பு' என்று அவனிடம் சொன்னவளும் நான்தான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளைக்கு வந்து ஆறு நாளாகிறது. தினமும் மதியம் டீயோடு உள்ளே போகிறேன், திரையில் இறங்கிக் கிடக்கும் அந்த முடியைப் பார்க்கிறேன், டம்ளரை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.