காக்காய் இரண்டு தடவை வந்த மாதம்

எங்கள் அம்மாவை மாதம் ஒரு தடவை காக்காய் தொட்டுவிடும். தொட்டால் மூன்று நாள் அவள் சமையலறைக்கு வரக்கூடாது, நாங்கள் யாரும் அவளைத் தொடக்கூடாது. கொல்லைப்புற அறையில் தனிப் பாயில் இருப்பாள். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் இதே காக்காய்தான் வேலை பார்த்தது. நாலாம் வகுப்பு படித்த எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

கம்ப்யூட்டரும் அந்த அறையில்தான் இருந்தது. சென்னையில் மாமா தன் ஆபீஸில் கழித்துப்போட்டதை எங்களுக்கு அனுப்பியிருந்தார். கண்டவர் கை பட்ட சாமான் என்று அத்தை அதை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. அத்தை அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தாள், மடி ஆசாரத்தில் நெருப்பு. அம்மா அந்த மூன்று நாளில் உட்கார்ந்து உட்கார்ந்தே தமிழ் டைப்பிங் பழகிவிட்டாள். மற்ற நாளில் அதைத் தூசி தட்டக்கூட அவளுக்கு ஒழியாது.

திடீரென்று அதன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மாமா புதிதாக நாற்பது ஜிபி டிஸ்க் ஒன்றும் விண்டோஸ் சிடியும் கொடுத்தனுப்பினார். கடைக்காரர் வந்து மாட்டினார். கறுப்புத் திரையில் நாலு வரி ஓடி, அப்படியே நின்றது.

"இது தேறாது சார். பழைய பெட்டி. இவ்ளோ பெரிய டிஸ்க்கப் பார்த்ததும் மெரண்டுக்கினு நின்னுடுது."

அப்பா சனிக்கிழமை பழைய சாமான்காரரை வரச் சொல்லிவிட்டார்.

"நான் ஒரு தடவை பார்க்கறேனே" என்றாள் அம்மா.

"பாரேன், யார் வேண்டாங்கறா? உனக்கு நேரம் எங்கே இருக்கு?"

அப்பா கேலி செய்யவில்லை. நிஜமாகவே அவளுக்கு நேரம் இல்லை. அம்மா அரிசி களையப் போனாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

புதன்கிழமை காலை அம்மாவைக் காக்காய் தொட்டுவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்த அறை வாசலே கதி என்று கிடந்தேன். அப்பாவின் பூதக்கண்ணாடியையும் முள்வாங்கியையும் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன், அம்மா எடுத்துக்கொள்வாள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த பொடி எழுத்தை இரண்டு நாள் படித்தாள். பிறகு அதன் பின்பக்கம் நெல் அளவில் இருந்த கறுப்பு மூடி ஒன்றை முள்வாங்கியால் பிடுங்கி, வேறு இடத்தில் செருகினாள். ஸ்விட்சைப் போட்டாள். பெட்டி நிற்காமல் ஓடியது!

"முப்பத்திரண்டுன்னு காமிக்கறதேம்மா. மீதி எட்டு எங்கே?"

"உள்ளேதான் இருக்கு. இது பழசு இல்லையா, மிரளாம இருக்கணுமேன்னு டிஸ்க் கொஞ்சம் குறைச்சுச் சொல்லிக்கறது."

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அத்தை தனியாளாக வேர்த்து விறுவிறுத்துத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கேட்டேன்: "ஏன் அத்தை, காக்கா போன வாரம்தானே அம்மாவைத் தொட்டது?"

அத்தையின் கை நின்றது. கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கீபோர்டு சத்தம் கேட்டது. கல்லில் தோசை தீய்ந்தது.

"காக்காய்க்குக் கணக்கு வழக்கெல்லாம் ஏதுடி? அப்பாகிட்ட போய் இதைக் கேட்டுண்டு நிக்காதே" என்றவள், அம்மாவுக்கு இன்னொரு டம்ளர் காபி கலந்து என்னிடம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பெட்டி விண்டோஸை மென்று விழுங்கியது. பொழுது சாய்கிற நேரத்தில் திரையில் நீல வானமும் மேகமும் வந்தன. நான் குதித்தேன். அம்மா கன்னத்தில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை பழைய சாமான்காரர் வெறுங்கையோடு திரும்பினார். அம்மா தலைக்குக் குளித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். அத்தை கரண்டியை அவளிடம் நீட்டி, தணிந்த குரலில் சொன்னாள்: "அடுத்த தடவை காக்காயைக் கூப்பிடாதே. என்கிட்ட கேளு. தளிகையை நான் பார்த்துக்கறேன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சீயக்காய் எரிகிறது என்று நினைத்தேன். அவள் பயந்து பயந்து வாங்கிய விடுமுறை அது என்பதோ, தெரிந்துகொண்டே அத்தை அடுப்படியில் வெந்தாள் என்பதோ எனக்கு எட்டவில்லை. அம்மாவுக்குக் காக்காயைக் கூப்பிடத் தெரியும் என்பது மட்டும்தான் புரிந்தது.

அன்று காக்காய்க்குச் சாதம் வைக்க நானே கொல்லைக்குப் போனேன். மாதத்துக்கு இரண்டு தடவையாவது வந்து எங்கள் அம்மாவைத் தொட்டுவிட்டுப் போ என்று அதனிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.