கனகாம்பிகையின் தோள் புண்

லண்டன் வால்தம்ஸ்டோவில் தையல் வேலை செய்து பிழைத்த கனகாம்பிகைக்கு, வீறாப்புப் பேசும் மனிதர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அந்த வரிசையில் முதல் ஆள் அவளுடைய சொந்தத் தமையன் தியாகராஜா. ஹரோவில் வீடு, கணக்காளர் வேலை, கோயில் நிர்வாகத்தில் ஒரு பதவிக் கதிரை. வாயைத் திறந்தால் மரியாதை, மரியாதை என்பார். யாருக்கு வேண்டும் அந்த மரியாதை!

தொண்ணூற்றிரண்டில் அவளுக்குக் குடலில் புற்றுநோய் வந்தது, வெட்டி எடுத்தார்கள். எடுத்த கட்டியின் உயிர்க்கலங்களையே கதிர் பாய்ச்சிச் சாகடித்து, காசநோய்த் தடுப்பு மருந்தோடு கலந்து, அவளுக்கே ஊசியாகப் போட்டுப் பார்க்கும் ஒரு பரிசோதனையில் ஆஸ்பத்திரி சேர்த்துக்கொண்டது. எதிரி யாரென்று உடம்புக்கு அடையாளம் காட்டிவிட்டால், மிச்சமிருக்கும் நோயை அது தானே தேடி அழிக்கும் என்பது டொக்டரின் நம்பிக்கை. பலிக்குமா என்று தனக்கே தெரியாது என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே கனகாம்பிகை சம்மதித்தாள். இரண்டு ஊசி போட்டதில் தோள் சிவந்து வீங்கிப் புண்ணாகியது. உடம்பு சண்டைக்கு எழும்பிவிட்டது, நல்லது என்றாள் தாதி.

தியாகராஜாவுக்கு அது நல்லதாகப் படவில்லை. மகளுக்கு நோர்பரியில் சம்பந்தம் பேசியிருந்தார்; மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

"பரம்பரை நோய் வருத்தமெண்டு சொல்லிக் குழப்பிப்போடுவினம். அடுத்த ஊசியைக் கலியாணம் முடிஞ்ச பிறகு போடேலாதோ?"

"தவணை தப்பினால் என்னை நிப்பாட்டிப்போடுவினம், அண்ணை."

"அப்ப நிப்பாட்டட்டும். குடும்ப மானம் பெரிசு."

தூ! தங்கையின் உயிர் சின்னது, மானம் பெரிசாம். கனகாம்பிகை வெள்ளிக்கிழமை போய் மூன்றாவது ஊசியையும் போட்டுக்கொண்டாள். ஞாயிறு, வேண்டுமென்றே கை குட்டையான சட்டையோடு ஹரோவுக்குப் போய் நடுவில் உட்கார்ந்தாள். தியாகராஜாவின் முகம் செத்துப்போனது.

மாப்பிள்ளையின் தாய் சிவமலர் புண்ணைக் கண்டுவிட்டாள். "உதென்ன தோளில?"

"எனக்குக் கான்சர். அதுக்குத் தடுப்பூசி போடினம்," என்றாள் கனகாம்பிகை, எல்லோர் காதிலும் விழ.

"சும்மா பகிடி விடுறாள்," என்று தியாகராஜா இளித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிவமலர் எழுந்து, கனகாம்பிகையின் கையைப் பிடித்துக் அடுப்படிக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"வெளியில இருக்கிற என்ர மனிசனுக்கும் அதுதான். மகன் பெடிக்குக்கூடச் சொல்லேல்லை. சம்பந்தம் குழம்பிடுமெண்டு ஒளிச்சுப்போட்டம். நீங்கள் போறது எந்த ஆஸ்பத்திரி?"

இங்கேயும் அதே கூத்து! கனகாம்பிகைக்குச் சிரிப்பும் அருவருப்பும் ஒன்றாக வந்தன. கதவுக்கு அப்பால் தமையன் குடும்பப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

"முதல்ல கதவைத் திறவுங்கோ," என்றாள். "சொல்லுறன்."