மூன்று வாரம் இழைத்த கைப்பிடி

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாகக் கத்தி விற்கிறார். கூடாரம், உள்ளே படுத்துத் தூங்கும் பை, மலையேறும் பூட்ஸ் எல்லாம் விற்கிற பெரிய கடையில் கத்தி கவுண்டர் அவருடையது. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். எந்தக் காட்டுக்குப் போகிறீர்கள், ஈரமான இடமா, விறகு பிளக்கவா கயிறு அறுக்கவா என்று குறுக்கு விசாரணை நடத்தி முடித்த பிறகுதான் கண்ணாடிப் பெட்டியைத் திறப்பார். முழ நீளத்தில் பளபளவென்று ஒன்றைக் காட்டிக் கேட்பவர்களிடம், இதைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், ஒரு குச்சி சீவ முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். முதலாளி எப்படித்தான் இவரை இத்தனை வருஷம் வைத்திருக்கிறாரோ.

எங்களுக்கு ஒரே பெண். மரங்களைப் பற்றிப் படித்தாள். மலைக்காட்டில் ஆறு மாதம் கூடாரம் போட்டுத் தங்கி மரங்களைக் கணக்கெடுக்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது. வேறு எதற்கும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவிடம் அதைச் சொல்லும்போதுகூட லீவு கேட்கிறவள் மாதிரி நின்றுகொண்டுதான் சொன்னாள். இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் அந்த மரியாதை இருந்தது. அது மரியாதை இல்லை, பயம் என்பது எனக்குத் தெரியும்.

ஐந்து வயதில் அவள் இடது கையால் எழுத ஆரம்பித்தாள். உலகத்தில் எல்லாமே வலது கைக்காரர்களுக்குத்தான் செய்திருக்கிறார்கள், பின்னால் பிள்ளை கஷ்டப்படும் என்று இவர் அவளுடைய இடது கையை நாற்காலியோடு சேர்த்துத் துணியால் கட்டிவைத்தார். இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் நடந்தது. நல்லதுக்குத்தான் செய்தார். கட்டுகிற துணியைக் கிழித்துக் கொடுத்தது நான். அதன் பிறகு குழந்தை அப்பா எதிரில் வலது கையும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் இடது கையுமாக வளர்ந்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று நினைத்தேன்.

வேலை உறுதியானதும், கடைக் கத்தி எதுவும் என் பெண்ணுக்குச் சரிப்படாது என்றார் இவர். மடக்குக் கத்தி கூடவே கூடாது, அழுத்தும்போது மடங்கி விரலைப் பிடித்துவிடும். கத்தியின் அலகு உள்ளங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். அங்கே மழை அதிகம், அதனால் துருப்பிடிக்காத எஃகு. அந்த எஃகு பிடிக்குள் பாதியில் நின்றுவிடாமல் கடைசி வரை ஓட வேண்டும், இல்லாவிட்டால் விறகு பிளக்கும்போது பிடியை விட்டுக் கழன்று வந்துவிடும். அப்படி ஒரு அலகை மட்டும் தேடி வாங்கி வந்தார். கைப்பிடியைத் தானே செய்வதாகச் சொல்லி, அளவெடுக்கக் காகிதத்தை விரித்துக் கையை வைக்கச் சொன்னார். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு வலது கையை வைத்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கடை முடிந்து வந்ததும் பால்கனியில் உட்கார்ந்து அரமும் உப்புத்தாளுமாக இழைத்தார். வலது கட்டைவிரல் உட்கார ஒரு பள்ளம், உள்ளங்கை நிறைய ஒரு மேடு. சாப்பிடும்போதும் அதே பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் இன்னும் கொஞ்சம் ஊமையாக இருந்தேன்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தியை அவளிடம் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்றாள். காய்ந்த கட்டை ஒன்றைக் கொடுத்து, மழையில் நெருப்பு மூட்டச் சீவுவது போல மெல்லிய சுருள்களாகச் சீவிக் காட்டச் சொன்னார். வலது கையில் பிடித்தாள். முதல் சீவல் கட்டையைக் குதறியது. அடுத்தது வழுக்கி முழங்காலுக்கு ஒரு விரல் தள்ளிப் போயிற்று. அவர் முகம் வெளுத்துவிட்டது. கத்தியை வாங்கிக்கொண்டார்.

"இந்தக் கையோட நீ காட்டுக்குப் போக வேண்டாம். அங்க அறுத்துக்கிட்டா யார் இருக்கா? வரலன்னு சொல்லிடு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சரிப்பா என்றுதான் சொல்லப் போகிறாள், எனக்குத் தெரியும். கோபம் கோபமாக வந்தது, முக்கால்வாசி என்மேல். உள்ளே போய்க் காய் நறுக்குகிற கத்தியை எடுத்து வந்து அவளுடைய இடது கையில் திணித்தேன்.

"சீவும்மா. அப்பா பாக்கட்டும்."

சீவினாள். ஒன்றுகூட அறுந்து விழாமல் சுருள் சுருளாகக் கட்டையிலேயே நின்றது. பல மாதமாக அவள் அறையில் நான் கூட்டி அள்ளிய மரச்சுருள் எனக்குத்தான் தெரியும். இவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நாளாக என்று என்னிடம் கேட்டார். மாறியதே இல்லை, உங்கள் எதிரில் மட்டும்தான் வலது கை என்றேன். துணி கிழித்துக் கொடுத்தவள் நான், அதனால் உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு எங்களைக் கடைக்கு அழைத்துப் போனார். தன் இடத்தில் போய் நின்றுகொண்டார். நாங்கள் வாடிக்கையாளர் பக்கம். ஐந்து கத்திகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் அவள் இடது கையால், அவர் எதிரிலேயே எடுத்துப் பார்த்தாள். பள்ளமோ மேடோ இல்லாத, நேரான பிடி உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். இடுப்பில் மாட்டும் உறை இடது கைக்கு வேறு, வலது கைக்கு வேறு. அதை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"எந்தக் கைன்னு கேக்காம இங்க யாருக்கும் நான் உறை எடுத்துக் குடுத்ததில்லம்மா. உன்னை மட்டும்தான் கேக்கவே இல்ல. கட்டிப் போட்டுட்டேன்."

அவள் கத்தியைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள்.

"இப்பக் கேளுங்கப்பா."

"எந்தக் கைம்மா?"

"இடது கை" என்றாள், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து.