தண்ணீர் ஊற்றாத பேட்டரி

புகழேந்தியிடம் ஓட்டை இல்லாத சட்டை ஒன்றுதான் இருந்தது. அதைக் கல்யாணங்களுக்கு மட்டும் போடுவார். மற்ற சட்டைகளில் வயிற்றுப் பகுதியில் அரிசி அளவிலிருந்து அவரை விதை அளவு வரை ஓட்டைகள். எல்லாம் ஆசிட் தெறித்தவை. திருவண்ணாமலை அவலூர்பேட்டை ரோட்டில் அவர் பேட்டரிக் கடை வைத்த நாளிலிருந்து மனைவி அன்புச்செல்வி புதுச் சட்டை எடுத்துக் கொடுப்பதும் அது சீக்கிரமே சல்லடையாவதும் நடந்துகொண்டிருந்தது. அவர் அந்த ஓட்டைகளைத் தொழிலின் அடையாளமாக வைத்திருந்தார். பேட்டரி வேலை தெரியும் என்று யாராவது கடைக்கு வந்தால் முதலில் சட்டையைத்தான் பார்ப்பார்.

ஷேர் ஆட்டோ, டிராக்டர், வீட்டு இன்வெர்ட்டர் என்று எல்லா பேட்டரியும் அவரிடம் வரும். பௌர்ணமிக்கு அடி அண்ணாமலைப் பக்கம் கடை போடுகிறவர்கள் விளக்குக்காக வாடகைக்கு எடுத்துப் போவார்கள். பழைய பேட்டரிக்குப் பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, புதிது என்று விற்க வருகிறவர்களும் உண்டு. அவர் தூக்கிப் பார்ப்பார், குலுக்கிக் காது கொடுப்பார், மூடியைத் திறந்து முகர்வார். இதுவரை ஏமாந்ததில்லை. ஏமாந்துவிடுவோம் என்ற பயம் மட்டும் எப்போதும் இருந்தது.

மகள் ஓவியா வேங்கிக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் இனியன். எலக்ட்ரிகல் படித்துவிட்டு நார்வேயில் கப்பலில் வேலை. கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்குப் போய்வரும் கப்பல். ஜாதகம் பொருந்தியது. இருவரும் போனில் பேசிப் பார்த்தார்கள். ஓவியாவுக்குப் பிடித்துவிட்டது. புகழேந்திக்கும் பிடித்துத்தான் இருந்தது, கப்பல் எதில் ஓடுகிறது என்று கேட்கும்வரை.

"பேட்டரியிலப்பா," என்றாள் ஓவியா.

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

ஒரு டிராக்டரை ஸ்டார்ட் செய்வதற்குள் பேட்டரிக்கு மூச்சு வாங்குவதை அவர் தினமும் பார்க்கிறவர். ஓவியா பொறுமையாக விளக்கினாள். கப்பலிலிருந்த டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு ஒரு அறை முழுக்க பேட்டரி வைத்திருக்கிறார்கள். கரைக்கு வந்ததும் கார்கள் இறங்கி, வேறு கார்கள் ஏறும் நேரத்துக்குள் சார்ஜ் ஏறிவிடும். அவர் கடையில், வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லாமல் ஒரு பேட்டரியும் சார்ஜ் ஆனதில்லை.

அன்றைக்கே இனியனிடம் தானே போனில் பேசினார்.

"டிஸ்டில்டு வாட்டர் யாரு ஊத்துறது? நீயா, ஆள் வச்சிருக்காங்களா?"

"அதெல்லாம் ஊத்தத் தேவையில்லங்க மாமா. அதுமேல தண்ணி பட்டாலே ஆபத்து."

"கப்பலே தண்ணியிலதானப்பா மிதக்குது."

ஆமாங்க மாமா என்றான் இனியன்.

தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரிகள் திருவண்ணாமலையில் இல்லாமல் இல்லை. பைக்கில் இருக்கின்றன, புது ஆட்டோக்களில் வந்துவிட்டன. அவற்றைப் புகழேந்தி பேட்டரிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. திறந்து பார்க்கவே முடியாத ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவன் எப்படிச் சம்பளம் வாங்க முடியும் என்பதுதான் அவர் கேள்வி. பையன் பெயின்ட் அடித்த பேட்டரி என்று முடிவு செய்தார்.

ஓவியா ஒரு வீடியோவைக் காட்டினாள். பீரோக்களை வரிசையாக நிறுத்தியதுபோல ஒரு அறை. நடுவில் இனியன் வெள்ளைச் சட்டையில் நின்றான். புகழேந்தி படத்தைப் பெரிதாக்கிச் சட்டையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஓர் ஓட்டை இல்லை. இவன் ஏதோ ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவன் என்றார்.

"அப்ப ஓட்டைச் சட்டை போட்டவனாப் பாருங்க," என்றாள் ஓவியா. "கடைக்கே நிறைய பேர் வருவாங்க."

பிறகு, இந்த இடம் வேண்டாம் என்றால் கொஞ்ச நாளைக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதில் வைத்திருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

அதனால் தீர விசாரிக்க முடிவு செய்தார். பக்கத்துக் கடை ஜானி பாஷா ரேடியேட்டர் மெக்கானிக். இருபது வருடப் பழக்கம். அவரை இன்வெர்ட்டர் சர்வீஸ்காரர் என்ற பெயரில் கீழ்பென்னாத்தூருக்கு அனுப்பினார். பாய் சாயங்காலம் திரும்பி வந்தார். வீடு நல்ல வீடு, பையனுடைய அம்மா ராஜம்மாள் நல்ல மாதிரி, டீ கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லியும் இரண்டாவது டீ கொடுத்தார்கள் என்று ஆரம்பித்தார்.

"பேட்டரியச் சொல்லு பாய்."

"அத்த ஏன் கேக்குற புகழு. தண்ணி கம்மின்னா பரவால்ல. தண்ணியே இல்ல. செல்லு மொத்தமும் காஞ்சி கெடக்குது."

"கப்பல் பேட்டரியப் பார்த்துக்கிறவன் வீட்டுல."

"அதான் சொல்றேன்."

"நீ ஊத்திட்டு வந்தியா?"

"ஊத்தாம எப்பிடி வர்றது? சர்வீஸ்காரன்னு சொல்லியில்ல போனேன்."

புகழேந்திக்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. ஆனால் பெண் பார்க்க வரும் நாள் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. வருகிறவர்களை வராதீர்கள் என்று சொல்ல முடியாது என்றாள் அன்புச்செல்வி. வரட்டும், பஜ்ஜி சாப்பிடட்டும், கலந்து பேசிச் சொல்கிறோம் என்று அனுப்பிவிடலாம். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த நாள் பௌர்ணமியாக அமைந்தது. நாள் குறித்த இரண்டு வீட்டாரும் நல்ல நேரத்தைப் பார்த்தார்களே தவிர போலீசை நினைக்கவில்லை. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத் தட்டுகளோடு கூட்டத்துக்குள் நடந்தே வந்தார்கள். வழியில் யாரோ ஒருவர் அன்னதானம் என்று நினைத்துத் தட்டிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனதாக ராஜம்மாள் சொன்னாள். மறுக்க மனசு வரவில்லையாம். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எடுத்துக்கொண்டார்களாம். ஒரு தட்டில் வெற்றிலை மட்டும் மிச்சம் இருந்தது.

புகழேந்தி ஓட்டை இல்லாத சட்டையில் இருந்தார். ஜானி பாஷா வரவில்லை. இன்வெர்ட்டர் சர்வீஸ்காரர் பெண் வீட்டில் உட்கார்ந்திருப்பதை ராஜம்மாளுக்கு எப்படி விளக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஓவியா வந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லி உட்கார்ந்தாள். பஜ்ஜி வந்தது. ராஜம்மாள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே மோதிரம். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் வெறுங்கையோடு உட்காராதே, போட்டுக்கொள் என்று மகனிடம் கொடுத்தாள். இனியன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் மறுபடியும் சொன்னாள். அப்புறம் என்றான்.

அன்புச்செல்வி இதைக் கவனித்தாள். கணவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன் கழுத்தில் செயின் இல்லை, மணிக்கட்டில் வாட்ச் இல்லை, விரலில் ஒன்றும் இல்லை, உரித்த பனங்கிழங்கு மாதிரி கை என்றாள். சம்பாதித்ததெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டாள். புகழேந்திக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. தண்ணீர், சட்டை, இன்வெர்ட்டர் எதுவும் ஓவியாவிடம் எடுபடவில்லை. இது எடுபடும். அவள் எதிரிலேயே கேட்டுவிடுவது என்று திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஏம்பா, மோதிரம் போட மாட்டியா?"

இனியனுக்குக் காது சிவந்தது. "பழக்கம் விட்டுப்போச்சுங்க மாமா. பேட்டரி ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கழட்டி வெளிய வச்சிடணும். மோதிரம், வாட்ச், செயின், பெல்ட்டுகூட. இப்ப விரல்ல எதுனா இருந்தாலே பயமா இருக்குது."

"இது வீடுடா," என்றாள் ராஜம்மாள். "கப்பல் இல்ல."

"எனக்குத் தெரியுதும்மா. கைக்குத் தெரியல."

புகழேந்தி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன பயம்?"

"எங்ககூட ஒருத்தர் மறந்து மோதிரத்தோட உள்ள போயிட்டாரு. கையில ஸ்பேனர். அது எங்கியோ பட்டுச்சு, மோதிரமும் பட்டுச்சு. மோதிரத்த வெட்டித்தான் எடுத்தாங்க. விரல் எப்படியோ தப்பிச்சுது."

புகழேந்தி வலது கையை நீட்டினார். மோதிர விரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், தோல் வெந்து ஆறிய தடம். கல்யாணமான புதிதில் ஒரு லாரி பேட்டரியின் டெர்மினலை முறுக்கும்போது ஸ்பேனரை ஒட்டியிருந்த மோதிரம் வண்டியின் இரும்பில் பட்டது. கரண்ட் பாய்ந்து, மாமனார் போட்ட அந்த மோதிரம் விரலிலேயே பழுத்துச் சிவந்தது. அன்றிலிருந்து அவர் மோதிரம் போடுவதில்லை. காரணத்தைச் சொன்னபோது அன்புச்செல்வி நம்பவில்லை. கடையைக் கூட்டும்போது அவளே பல தடவை பேட்டரியைத் தொட்டிருக்கிறாள். எறும்பு கடித்த மாதிரிகூட இருந்ததில்லை. தன் அப்பா போட்ட மோதிரத்தைக் கணவருக்குப் பிடிக்கவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாள். தொழில் கற்றுக்கொள்ள வந்தவர்களும் தழும்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுநாள் காப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பேட்டரியைக் கண்டு பயப்படுகிற இன்னொரு ஆளைப் புகழேந்தி அதுவரை சந்தித்ததில்லை.

இனியன் குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தான். தொடவில்லை.

"ட்வெல்வ் வோல்ட்டாங்க மாமா?"

"இருபத்திநாலு. லாரி."

"அப்பவும் வேல பார்த்தீங்களா?"

"கட்டுப் போட்டுட்டு மறுநாளே வந்துட்டேன்."

சமையலறை வாசலில் நின்ற அன்புச்செல்வி, "அப்ப நெஜமாத்தான் சொன்னீங்களா?" என்றாள்.

புகழேந்தி எழுந்து மகளை உள்ளே வரச் சொன்னார். ஓவியா தயாராகத்தான் வந்தாள். கப்பல் கரையில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் வீடியோ ஒன்றை இனியனிடம் புதிதாக வாங்கி வைத்திருந்தாள். அதைத் தேடத் தொடங்கினாள்.

"அத்த வையி. பையன் பேட்டரிக்காரன்தான்," என்றார் அவர்.

"அதத்தானப்பா நானும் இத்தன நாளா சொல்றேன்."

"நீ கப்பல் ஓடுதுன்னு சொன்ன. அத நான் இன்னும் நம்பல."

"அப்ப?"

"கப்பல் எதுலயோ ஓடட்டும். இவன் பயப்படுறான். உன்ன நல்லாப் பார்த்துப்பான்."

ஓவியா போனை அணைத்தாள். சொல்வதற்கு வைத்திருந்ததெல்லாம் மிச்சமாகிவிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

கூடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். கலந்து பேசிச் சொல்கிறோம் என்ற வாக்கியத்தை எதிர்பார்த்து ராஜம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"தட்டு மாத்திக்கலாம்மா," என்றார் புகழேந்தி. "மோதிரம் மட்டும் வேணாம். எங்க பக்கத்துலயும் போடல, நீங்களும் போடச் சொல்லாதீங்க."

இனியன் பையிலிருந்து மோதிரத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். அவள் அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு தன் விரலில் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.