பாறூக் நானா சொன்ன கப்பல்

பழைய போர்க்கப்பல் ஒன்றைத் துறைமுகத்தில் கட்டிவைத்து, அதையே காட்சிச்சாலையாக்கி, சனங்களை உள்ளே விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பென்சன் எடுத்த மனுஷன் இப்படித் துள்ளலாமா என்று வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போதே மனைவி தொடங்கிவிட்டாள். கப்பலுக்கு ஏறும் பாலத்தடியில் நின்ற சீருடைப் பெண் கையை நீட்டினாள். நான் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"டிக்கட் எக்க விதரய், அங்கிள்" என்று சிரித்தாள். டிக்கட் மட்டும் போதுமாம்.

"இஞ்ச ஆர் கேட்டது உங்கட ஐ.சி.யை?" என்றாள் மனைவி. யாரும் கேட்கவில்லைதான். முப்பது வருஷம் சோதனைச் சாவடிகளில் கேட்கமுன்பே காட்டிப் பழகிய கை, அது என் சொல் கேட்காது.

உள்ளே காலை வைத்ததும் பெயின்ற்றும் எண்ணெயும் கலந்த வாசம். பாறூக் நானாவின் சட்டை வாசம்! கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருந்த நாட்களில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கந்தோர் ஒன்றில் நான் கிளாக். எத்தனை மூடை வெங்காயம், எத்தனை தட்டு முட்டை என்று பட்டியல் அடிப்பது நான்; லொறியில் போய்க் கப்பலில் ஏற்றிவிட்டு வருவது பாறூக் நானா. துறைமுகத்துக்குள் போகப் பாஸ் வேண்டும். மூன்று தரம் எழுதிப் போட்டேன், வரவில்லை. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதியிருந்தேன், வேறு காரணம் எனக்குத் தெரியாது. கப்பலுக்குச் சோறு போடுகிற நான் கப்பலைக் கண்டதில்லை. வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

பின்னேரம் பிளேன்டீ குடிக்கும்போது நானாவைப் பிடித்துக்கொள்வேன். "உள்ளுக்கு எப்பிடி நானா?"

"ஒண்டுமே இல்ல தம்பி. எங்கட ஸ்டோர் மாதிரித்தான் ஈக்கி. இரும்பும் எண்ண நாத்தமும். ஒனக்குத் தல சுத்தும்."

எத்தனை கப்பல் வந்தாலும் இதே பதில்தான். ரசனை கெட்ட மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

மேல்தட்டுக்குப் போகச் செங்குத்தான இரும்பு ஏணி. முழங்கால் வருத்தக்காரியான மனைவி கீழேயே நின்றுவிட்டாள். நான் மூச்சு வாங்க ஏறினேன். துலக்கி வைத்த பித்தளை மணி. காற்று. ஒரு பக்கம் முடிவில்லாத கடல், மறுபக்கம் கொழும்பு முழுதும். கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தின் குவிமாடம்கூடத் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது. அடப் பாவி நானா, இதையா ஸ்டோர் என்றீர்? எத்தனை வருஷம், ஒருநாள்கூட வாய் தவறாமல்!

சண்டை பிடிக்க நானா இல்லை, மௌத்தாகி ஆறு வருஷம். கந்தோர் இருந்த இடத்தில் இப்போது வாகனத் தரிப்பிடம்.

ஏணியடியில் இருந்து மனைவி அண்ணாந்து பார்த்தாள். "இஞ்சேரப்பா, மேல என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லையப்பா" என்றேன். "எங்கட ஸ்டோர் ரூம் மாதிரித்தான்."